பாத்திரக் கடையில் பேர் வெட்டிய மெடல்

உங்கள் வீட்டுப் பரணில் பழைய பித்தளைச் சொம்போ தவலையோ மிச்சம் இருந்தால் இறக்கிப் பாருங்கள். நம் வயதுக்காரர்கள் வீட்டில் ஒன்றாவது இருக்கும். கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக ஒரு பெயர் வெட்டியிருக்கும். சீர் கொடுத்த தாய்மாமன் பெயராக இருக்கலாம், வாங்கியவர் பெயராக இருக்கலாம். அது யார் என்று பேரப்பிள்ளைகள் கேட்டால் நாமே கொஞ்சம் முழிப்போம். திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள ஊர்களில் கிடக்கும் அந்தப் புள்ளிகளில் பாதி எங்கள் கடையில் வெட்டியவை.

போன மழைக்காலத்தில், வேங்கிக்காலில் நான் இருக்கும் என் மகன் வீட்டுக்கு ஓர் இளைஞர் வந்தார். ரமணாசிரமம் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருப்பதாகச் சொன்னார். தியானத்துக்கு வந்தவராக்கும் என்று நினைத்தேன். இல்லை. பழைய யுத்த மெடல்களை வாங்கிச் சேர்ப்பதும், அதைப் பெற்ற சிப்பாய் யார், எந்த ஊர், கடைசியில் என்ன ஆனார் என்று தேடுவதும் அவருக்கு ஆசை. பையிலிருந்து வெள்ளை நிறத்தில் வட்டமான ஒரு மெடலை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"ஆன்ட்டி, செங்கம் ரோட்டுல வெளிநாட்டுக்காரங்களுக்குப் பழைய சாமான் விக்கிற கடையில இத வாங்கினேன். மெடல் ஒரிஜினல். ஆனா விளிம்ப ராவி, இருந்த பேர எடுத்துட்டு, வேற பேரும் நம்பரும் வெட்டியிருக்காங்க. இந்தப் புள்ளி எழுத்து மெடல்ல வராது, பாத்திரத்துலதான் வரும்னு சொன்னாங்க. விசாரிச்சு உங்க தம்பி கடைக்குப் போனேன். பழைய கதையெல்லாம் அக்காவுக்குத்தான் தெரியும்னு அனுப்பிட்டாரு."

நான் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை. அந்த எண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு உள்ளே போனேன்.

தேரடித் தெருவில் இருந்தது எங்கள் கடை. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். பழைய பித்தளையைக் கொடுத்துவிட்டுப் புதுப் பாத்திரம் எடுத்துப் போவார்கள். கடைக்குப் பின்னால் பழசெல்லாம் குவிந்து கிடக்கும். களிம்பேறிய பித்தளைக்கு ஒரு வாசனை உண்டு, உங்களுக்குத் தெரிந்திருக்கும். புளியும் செங்கல் பொடியும் போட்டுக் கழுவினாலும் அது கையை விட்டுப் போகாது. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள், "உன் மேல பாத்திர வாசன அடிக்குதுடி" என்று தள்ளி உட்காருவாள்.

வாசலோரம் பேர் வெட்டும் பாய் உட்கார்ந்திருப்பார். காலுக்கிடையில் பாத்திரத்தைக் கவ்விக்கொண்டு, உளியைச் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி எழுத்தைக் கொண்டுவருவார். டிக் டிக் என்று நாள் முழுக்கச் சத்தம். அது நின்றால்தான் எங்களுக்கு ஏதோ குறைவது தெரியும்.

நைனாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. பெயர் வெட்டிய பாத்திரம் பழசாக வந்தால் உடனே உருக்க அனுப்ப மாட்டார். "இது யார் பேரு? வீட்ல கேட்டுட்டுத்தான் குடுக்கறீங்களா?" என்று விசாரிப்பார். கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனவர்களும் உண்டு. ஆனால் பாத்திரத்தின் அடியில் இருக்கும் எண்களைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். "நம்பரு கம்பெனிக்காரன் போட்டுக்கறது. பேருதான் ஆளு" என்பார். கடையில் வேலை பார்த்த எல்லாருக்கும் இது பாடம்.

அந்தப் பழைய குவியலில்தான் மெடல்கள் வந்தன. நம் மாவட்டத்திலிருந்து யுத்தத்துக்குப் போனவர்கள் ஜாஸ்தி. யுத்தம் முடிந்து ஒரு தலைமுறை ஆகி, அவர்கள் வீட்டுச் சாமான்கள் பரணிலிருந்து இறங்கத் தொடங்கிய காலம் அது. வெள்ளி என்று நினைத்து முதலில் நகைக்கடைக்குப் போவார்கள். உரசிப் பார்த்து வெள்ளி இல்லை என்று திருப்பியதும் எங்கள் கடைக்கு வருவார்கள். குண்டானுக்குள் கரண்டிகளோடு சேர்ந்து கிடக்கும். ஒரு பக்கம் கிரீடம் வைத்த ராஜா தலை. மறுபக்கம் எதையோ மிதித்து நிற்கும் ஒரு சிங்கம். விளிம்பைச் சுற்றிச் சின்ன இங்கிலீஷ் எழுத்தில் ஒரு நம்பர், பிறகு பெயர், பட்டாளம். இனிஷியல் இருக்காது, அப்பா பெயர் இருக்காது, ஊர் இருக்காது.

பெயர் இருந்தது, அது போதும் நைனாவுக்கு. ஒரு பிஸ்கெட் டப்பாவில் சேர்க்க ஆரம்பித்தார். ஊர் ஊராக வரும் வாடிக்கையாளர்களிடம், "உங்க ஊர்ல இந்தப் பேர்ல பட்டாளத்துக்குப் போனவரு யாருனா இருக்காரா?" என்று கேட்பார். வெள்ளிச் சாமானைப் போலவே மெடலையும் விபூதி போட்டுத் துடைக்கச் சொல்வார். கோயிலில் கொடுத்த விபூதியெல்லாம் எங்கள் வீட்டில் ராஜா தலைக்கும் போனது. எழுத்துகளின் குழிக்குள் தங்கும் விபூதியை ஈர்க்குச்சியால் எடுப்பது என் வேலை. அதனால் டப்பாவில் இருந்த எல்லா எண்களும் எனக்கு வாய்ப்பாடு மாதிரி ஆகிவிட்டன. வாய்ப்பாடுதான் கடைசிவரை வரவில்லை.

ஆள் கிடைத்துவிட்டால் நைனா ஒரு புதுத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு மெடலை வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார். ஒரு வீட்டில் பெரியவர் எழுந்து நின்று சல்யூட் அடித்தாராம். அதை நைனா வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் சொன்னார். இன்னொரு வீட்டிலிருந்து கொஞ்ச நாளிலேயே மகன் வந்து, அதே மெடலைக் கல்லாவின் மேல் வைத்து, "இதுக்கு ஒரு டம்ளரு குடுப்பீங்களா?" என்றான். தாம்பாளத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அதை நைனா யாரிடமும் சொல்லவில்லை. அம்மா சொன்னாள்.

நான் சொல்ல வந்தது ஒரு வருஷத்து மழைக்காலத்தைப் பற்றி. எனக்குப் பத்து வயது இருக்கும். ஆடி முடிந்ததும் ஒரு மெடல் வந்தது. சாப்பர் என்று போட்டிருந்தது. பாலம் கட்டுகிற, ரோடு போடுகிற பட்டாளம். பெயர் நம் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும் பெயர். யார் கொண்டுவந்தார்கள் என்று கடைப் பையன்களுக்கு ஞாபகம் இல்லை. நைனா விசாரிக்க விசாரிக்க, தண்டராம்பட்டுப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் சொன்னார்.

"எங்க ஊர்ல அதே பேர்ல ஒருத்தன் போனாங்க. பாலம் போடற பட்டாளம்தான். பர்மாவுல காணோம்னு மட்டும் தகவல் வந்துச்சு. செத்தான்னும் வரல, இருக்கான்னும் வரல. அவன் பொஞ்சாதி இன்னும் பூவும் பொட்டுமாதான் இருக்குது."

நைனாவின் முகம் மலர்ந்துவிட்டது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை. ஒரு பெண்ணின் வீட்டு வாசலுக்கு என்ன கொண்டுபோகிறோம் என்று அவர் நினைக்கவே இல்லை. பெயருக்கு ஆள் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். அம்மாதான் தடுத்துப் பார்த்தாள்.

"காணோம்னுதானே சொன்னான் சர்க்காரு? அவன் சொல்லாதத நீங்க போய்ச் சொல்லணுமா?"

"நான் இன்னாத்த சொல்லப் போறேன்? அவரு மெடல அவங்க வீட்ல குடுக்கறேன்."

"மெடலு கடைக்கு வந்துட்டுது, ஆளு வரல. அதுக்கு இன்னா அர்த்தம்னு அவங்களுக்குத் தெரியாதா?"

ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். மழை விட்டிருந்தது. இறங்கி ஏரிக்கரை மேல் நடந்தோம். என் செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டு வாரறுந்து போனது. தாம்பாளத்தை மார்போடு அணைத்தபடி முன்னால் போன நைனா திரும்பிப் பார்க்கவே இல்லை.

வீட்டில் இருந்தது அந்தம்மாவும், கணவரின் தம்பி குடும்பமும். அந்தம்மாவுக்கு நெற்றி நிறையக் குங்குமம், தலையில் கனகாம்பரம். அம்மாவைவிடப் பெரியவர், ஆனால் கல்யாணத்துக்குக் கிளம்பியவர் மாதிரி இருந்தார். நைனா விஷயத்தைச் சொல்லித் தாம்பாளத்தை நீட்டினார். தம்பிக்காரர் மெடலைப் பார்த்ததும், "அண்ணா, உன் பேரு மட்டும் வந்துச்சா?" என்று தலையில் அடித்துக்கொண்டு கத்தினார். பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள்.

அந்தம்மா மட்டும் கத்தவில்லை. மெடலை எடுத்தார். ராஜாவையும் பார்க்கவில்லை, சிங்கத்தையும் பார்க்கவில்லை. விளிம்பைத் திருப்பிக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் விரல் நின்றது. பின்னால் வந்தது. மறுபடியும் அதே இடத்துக்குப் போனது. துக்கத்தில் தடவுகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். பிறகு உள்ளே போனார். திரும்பி வந்தபோது நெற்றியில் பொட்டு இல்லை, தலையில் பூ இல்லை. யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை. கிழவிகள் வந்து செய்யும் வேலையை அவரே செய்துகொண்டு வந்து உட்கார்ந்தார். பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைக்க, நடுவில் அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குத் தண்ணீர் தாகம். கேட்க ஆள் இல்லாமல் நானே உள்ளே போனேன். பானைக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டி. பட்டாளத்துப் பெட்டி. மேலே பாத்திரம் அடுக்கியிருந்தது. முன்பக்கம் வெள்ளை பெயின்டில் ஒரு நம்பரும் பெயரும். மெடலில் இருந்த அதே பெயர். நம்பர் மட்டும் வேறு. அடியோடு வேறு. ஈர்க்குச்சியால் குடைந்த எண்ணை நான் எப்படி மறப்பேன்?

பஸ்ஸில் சொன்னேன். "நைனா, அவங்க ஊட்டுப் பெட்டில வேற நம்பரு போட்டிருக்குது."

"பேரு?"

"பேரு அதேதான்."

"அப்புறம் இன்னா? பெட்டிக்கு ஒரு நம்பரு, மெடலுக்கு ஒரு நம்பரு. கம்பெனிக்காரன் போட்டுக்கறதும்மா அது."

அவருக்கு அன்று மனசு நிறைந்திருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து மலையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

கருமாதிக்கு நைனா போய்வந்தார். உடம்பு இல்லாததால் தலைவாழை இலையில் புது வேட்டியை மடித்து வைத்து, அதன் மேல் மெடலை வைத்து எல்லாம் செய்தார்களாம். தாலியைக் கழற்றிப் பாலில் போட்டதையும் நைனா சொன்னார். அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இருக்காரா இல்லையானு தீர்ப்பு சொல்றதுக்கு நீங்க இன்னா எமனா?" என்றாள். அன்று அடுப்பைப் பற்றவைக்கவில்லை. நாங்கள் ஓட்டலில் இட்லி வாங்கிச் சாப்பிட்டோம். எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது.

கார்த்திகை தீபத்துக்கு ஊர் நிறைந்தது. மாட்டுச் சந்தைக்கு வந்தவர்கள் மாட்டை விற்றுவிட்டுப் பாத்திரம் வாங்குவார்கள். புதுப் பாத்திரம் எடுக்கும் பெண்களுக்கு மஞ்சள், குங்குமம், வெற்றிலை தட்டில் வைத்துக் கொடுப்பது எங்கள் கடை வழக்கம். அம்மாதான் கொடுப்பாள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் முறுக்கு மீசை வைத்த ஒரு பெரியவர் வந்து கல்லா முன்னால் விறைப்பாக நின்றார்.

"மொதலாளி, எங்க மருமவ பழைய பித்தளையோட என் மெடலையும் இங்க தூக்கிப் போட்டுட்டா. நான் ஊர்ல இல்லாத நேரம் பாத்து பரண காலி பண்ணியிருக்கா. அத எனக்குத் திருப்பிக் குடுங்க."

பெயரைச் சொன்னார். நாங்கள் தாம்பாளத்தில் கொண்டுபோய்க் கொடுத்த அதே பெயர். நைனா டப்பாவைத் திறந்து அவர் முன்னால் வைத்தார்.

"ஐயா, இதெல்லாம் அதே மாதிரிதான். இதுல எதுனா ஒண்ண எடுத்துக்கங்களேன்."

பெரியவர் ஒவ்வொன்றாக எடுத்து விளிம்பை மட்டும் பார்த்துத் திரும்ப வைத்தார். "இதெல்லாம் அடுத்தவன் நம்பரு. நான் எப்படிக் குத்திக்கறது?"

"பேருதானேங்க…"

"பேரு எங்கப்பன் வெச்சது. எங்க கம்பெனியிலயே அந்தப் பேர்ல ஒரு கும்பலே இருந்துச்சு. நம்பருதான் நான். நான் செத்துட்டா சர்க்காரு நம்பரப் பாத்துத்தான் ஊட்டுக்குச் சொல்லுவான். ரெக்கார்டு ஆபீஸ்ல போய் நம்பரச் சொன்னா இருக்கறவன், செத்தவன், ஓடிப்போனவன் எல்லாம் சொல்லிடுவான்." தன் நம்பரை ஒப்பித்தார். அந்தம்மாவிடம் கொடுத்த மெடலில் நான் விபூதி குடைந்து எடுத்த அதே எண். "நான் செத்தா நெஞ்சு மேல அத வெச்சுத்தான் எடுக்கணும்னு சொல்லி வெச்சிருக்கேன். சந்தை முடியறவரைக்கும் இங்கதான் இருப்பேன். தேடி எடுத்து வெய்யுங்க."

அன்று நைனா சொம்பு கேட்டவருக்குக் கரண்டி எடுத்துக் கொடுத்தார். கல்லாவைத் திறந்து வைத்துவிட்டு எழுந்து போனார். அம்மாவிடம் சொன்னபோது அவள் குங்குமத் தட்டைக் கையில் வைத்திருந்தாள்.

"போய்ச் சொல்லிடுங்க, அது வேற ஆளு மெடலுன்னு. சொல்லிட்டு, அந்தம்மா நெத்தியில நீங்களே பொட்டு வெச்சுட்டு வாங்க." தட்டை அவர் பக்கம் நீட்டினாள். நைனா வாங்கவில்லை. ஓடிப் போய்விட்டார் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த நாள் காலையில் அவ்வளவு கூட்டத்திலும் கடையைச் சித்தப்பாவிடம் விட்டுவிட்டுக் கிளம்பினார். நான் அடம்பிடித்துக் கூடப் போனேன்.

அந்தம்மா தனியாக உட்கார்ந்து மல்லாட்டை, வேர்க்கடலைதான், உரித்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் தீபம் பார்க்கக் கிளம்பி டவுனுக்குப் போயிருந்தார்கள். சுவரில் கணவரின் போட்டோ, மாலை, பக்கத்து ஆணியில் நூலில் கட்டிய மெடல். நைனா உட்காரவில்லை. நின்றபடியே, "அக்கா, பெரிய தப்பு நடந்துபோச்சு" என்றார். நைனா அழுது நான் பார்த்தது அன்றுதான். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அந்தம்மா மடியிலிருந்த தோலைத் தட்டிவிட்டு எழுந்தார். ஆணியிலிருந்து மெடலை எடுத்தார்.

"மெடலுக்கு உடையவரு வந்துட்டாரா?"

நைனா துண்டை எடுத்துவிட்டுப் பார்த்தார்.

"நம்பரு வேறன்னு அன்னிக்கே தெரியும் தம்பி. எனக்கு எழுத்து தெரியாது. இந்த நம்பரு தெரியும்." பெட்டியைக் காட்டினார். "தெனம் இதத்தானே பாக்கறேன்? லீவுல வந்தாக்கூடத் தூக்கத்துல இதத்தான் சொல்லுவாரு." ஏக், தோ, சார் என்று பட்டாள இந்தியில் ஒவ்வொரு எண்ணாக அந்த நம்பரை அவர் சொன்னார். மூச்சுவிடாமல், குழந்தைகள் பாட்டுச் சொல்வது மாதிரி. அந்தம்மா வாயிலிருந்து இந்தி வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"தெரிஞ்சுமா அக்கா பொட்ட அழிச்சீங்க?"

"நீங்க அன்னிக்குத் தாம்பாளத்த யோசிக்காம என் கிட்ட நீட்டினீங்க இல்ல? இந்த ஊர்ல யாரும் அப்படி நீட்ட மாட்டாங்க. ஒவ்வொரு கல்யாணத்துலயும் குங்குமத் தட்டு என் முன்னாடி வந்து நிக்கும். குடுக்கலாமா வேணாமான்னு பாப்பாங்க. நான் எடுத்துக்கலாமா வேணாமான்னு நானும் பாப்பேன். சின்ன வயசுலேர்ந்து அதேதான். இப்ப யாரும் நிக்கறதில்ல தம்பி. தாண்டிப் போயிடறாங்க. நிம்மதியா கீது."

நைனா மெல்ல உட்கார்ந்தார். பிறகு, தான் செய்ததைச் சரிசெய்ய வழி கிடைத்துவிட்ட மாதிரி அவசரமாகப் பேசினார். "அக்கா, இப்பதான் தெரியுது, நம்பர வெச்சுக் கண்டுபிடிச்சிடலாமாம். நானே போய் விசாரிக்கிறேன். மெட்ராஸ், பெங்களூரு எங்கனாலும் போறேன். உண்மை இன்னான்னு தெரிஞ்சுடும்."

"வேணாம்."

"இல்லக்கா, ஒருவேள அவரு…"

"ஒருவேள இருந்தா? எங்கியோ இருந்துகிட்டு வராத ஆளுக்காகவா இத்தினி வருசம் பூ வெச்சேன்னு நான் தெரிஞ்சுக்கணுமா? செத்தாருன்னு வந்தா, அழுது முடிச்சவள மறுபடி அழச் சொல்லுவீங்களா? விசாரிக்காதீங்க தம்பி. எப்பனா தெரிஞ்சாலும் என்கிட்ட சொல்லாதீங்க." மெடலை நைனா கையில் வைத்தார். "இந்த ஆணிக்கு வேற ஒண்ணு சீக்கிரம் கொண்டாந்து குடுங்க. வெறும் ஆணியப் பாத்தா கொழுந்தனாரு கேப்பாரு."

எனக்கு ஒரு கை மல்லாட்டை கொடுத்தார். பஸ்ஸில் தின்றுகொண்டே வந்தேன்.

முறுக்கு மீசைப் பெரியவர் மெடலை வாங்கி விளிம்பைப் படித்துப் பார்த்துவிட்டு, அங்கேயே சட்டையில் குத்திக்கொண்டு, மாட்டைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் போனார். கூட்டம் வடிந்த ஒரு மத்தியானம் நைனா டப்பாவிலிருந்து, வீடு கிடைக்காத மெடல் ஒன்றை எடுத்தார். பேர் வெட்டும் பாயின் முன்னால் வைத்து, விளிம்பை ராவச் சொன்னார்.

பாய் தலையை ஆட்டினார். "மொதலாளி, ஒருத்தர் பேர அழிச்சு இன்னொருத்தர் பேரு நான் வெட்டினதில்ல. நீங்களே வேணாம்னு சொல்லுவீங்களே."

"வெட்டுங்க பாய்."

"இவ்ளோ சின்ன எடத்துல எழுத்து நிக்காது."

"பேரு நிக்கலன்னா பரவால்ல. நம்பரு சரியா இருக்கணும்."

நான் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன், பாய் டிக் டிக் என்று வெட்டினார். யாருடைய பெயரை அன்று ராவி எடுத்தோம் என்று எனக்கு ஞாபகம் இல்லை. அவருக்கும் எங்கோ ஒரு வீடு இருந்திருக்கும். இரும்பு அரத்தில் வெள்ளைத் தூளாக வந்ததை பாய் வாயால் ஊதினார். அன்று சாயங்காலமே நைனா அதைக் கொண்டுபோய் அந்தம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு நைனா யாரிடமும் பட்டாளத்துப் பெயர் கேட்கவில்லை. பெயர் வெட்டிய பாத்திரங்களையும் பேசாமல் உருக்க அனுப்பினார். பிஸ்கெட் டப்பா பரணுக்குப் போய், வீடு மாறியபோது எங்கேயோ தொலைந்தது. அந்தம்மா சில வருஷம் கழித்துப் புதுத் தாம்பாளம் எடுக்கக் கடைக்கு வந்தார். அம்மா குங்குமத் தட்டை எடுத்து ஒரு பக்கமாக வைத்துவிட்டு, வெற்றிலையை மட்டும் கொடுத்தாள். யோசிக்கவே இல்லை. அந்தம்மா வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிறது. நைனாவும் போய்விட்டார். கொழுந்தனார் வீட்டுப் பேரப்பிள்ளைகள் யாரோ ஆணியிலிருந்ததை விற்றிருக்க வேண்டும்.

காப்பியைக் கொடுத்துவிட்டு அந்த இளைஞரிடம், "எங்க கடையில வெட்டினதுதான் தம்பி" என்றேன்.

"எதுக்கு ஆன்ட்டி அப்படிப் பண்ணாங்க?"

"பேர் வெட்டச் சொன்னாங்க, வெட்டினோம்."

அவருக்கு ஏமாற்றம்தான். ஆனாலும் விடவில்லை. "பேரு பொய்னாலும் நம்பர் பொய் மாதிரி தெரியல. அந்தப் பட்டாளத்துக்கு அந்தக் காலத்துல குடுத்த வரிசையில கரெக்டா வருது. இப்படி ஒரு ஆள் நெஜமாவே இருந்திருக்காரு. தெரிஞ்சவங்க இருக்காங்க, கேக்கறேன். கெடச்சா உங்களுக்குச் சொல்றேன்." என் போன் நம்பரை வாங்கிக்கொண்டு போனார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அந்தம்மாவைப் போல அவ்வளவு சட்டென்று எனக்குச் சொல்ல வராது.

தீபத்தன்று மாலை, மலை மேல் ஜோதி தெரிந்ததும் மாடியில் நின்று கும்பிட்டுவிட்டு இறங்கினேன். போனில் அவர் அனுப்பிய வாட்ஸ்அப் வந்திருந்தது. எழுத்து இல்லை, பேசி அனுப்பியிருந்தார். தொட்டால் பேசும். எவ்வளவு நேரப் பேச்சு என்று அதன் பக்கத்திலேயே போட்டிருந்தது. நீளமான பேச்சு. யுத்தத்தில் செத்துப் போய்விட்டார் என்று சொல்ல அவ்வளவு நேரம் ஆகாது.

அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. பிறகு மருமகளைக் கூப்பிட்டு, கேட்காமல் எப்படி அழிப்பது என்று கேட்டேன்.

"யாரு அத்தை அனுப்பியிருக்காங்க?"

"பழைய பாத்திர விஷயம்" என்றேன். அவள் விரலால் தொட்டு அழித்துக் கொடுத்தாள்.